மாணவர் விசா: எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது, எங்கே சறுக்குகிறது

கேள்வி இது: வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு செப்டம்பரில். விசாவுக்கு எதை முதலில் செய்ய வேண்டும்? வங்கிக் கணக்கில் பணம் காட்டினால் போதுமா? நன்றாகப் படித்தவர்களுக்கும் ஏன் நிராகரிப்பு வருகிறது?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மாணவர் விசா மறுக்கப்படும்போது மதிப்பெண் காரணமாக இருப்பது அபூர்வம். உங்களுக்குப் படிக்கிற தகுதி இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டது. விசா அதிகாரி பார்ப்பது வேறு. படிப்புச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய பணம் உண்மையிலேயே உங்கள் கைக்கு எட்டுமா? இந்தப் படிப்பை எடுத்ததில் ஒரு நியாயம் தெரிகிறதா? நீங்கள் கொடுத்த தாள்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா? பணமும் இருந்து, படிப்பும் பொருத்தமாக இருந்து, மூன்றாவதில் கோட்டை விடுபவர்களைப் பார்க்கத்தான் வேதனையாக இருக்கும். ஏனென்றால் அது கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது.

ஆகவே முதல் வேலை பணம். படிவம் அல்ல. வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து இருக்கப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். விசாப் படிவத்தை நிரப்ப இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். பணத்தைச் சரியான இடத்தில் சரியான நாட்களுக்கு வைத்திருக்க மாதக்கணக்கில் ஆகும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கையில் இருக்கும் சேர்க்கைக் கடிதத்தை வைத்து விசாவுக்குப் போக முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் பல்கலைக்கழகம் தனியாகத் தரும் ஒரு ஆவணம் உண்டு. அமெரிக்காவுக்கு ஐ-20 படிவம், பிரிட்டனுக்கு சிஏஎஸ் எண், ஆஸ்திரேலியாவுக்கு சிஓஇ. கனடாவுக்குச் சேர்க்கைக் கடிதமே செல்லும், ஆனால் 2024 ஜனவரி 22 முதல் அதோடு மாகாணம் தரும் அத்தாட்சிக் கடிதமும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டும். 2026 தொடக்கத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்குச் சேர்பவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இந்த ஆவணங்கள் தானாக வருவதில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக முன்பணம் கட்டிய பிறகுதான் தருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் முதலாண்டுச் செலவுக்கான பணச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் ஐ-20 போடும். அதாவது விசா அதிகாரிக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை பணம் காட்டியாக வேண்டும். அங்கே காட்டிய கணக்கு ஒன்று, விசாவுக்குக் காட்டிய கணக்கு வேறொன்று என்றால் கேள்வி எழும்.

காலக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர் படிப்பு தொடங்குவதற்கு 6 மாதம் முன்பு வரைதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வரும். அமெரிக்காவின் மாணவர் விசாவான எஃப்-1-ஐ வகுப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்பே தரலாம், ஆனால் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் விடமாட்டார்கள். ஜெர்மனிக்கு நேர்முகச் சந்திப்புக்கு இடம் கிடைப்பதே பெரிய காத்திருப்பாக இருக்கும். எனவே அங்கே போகிறவர்கள் தூதரகச் சேவைகளின் இணையதளத்தில் முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பது நல்லது.

இனி பணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"போதுமான பணம்" என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. பிரிட்டனுடையது கறாரான சூத்திரம். முதலாண்டுக் கட்டணத்தில் நீங்கள் இன்னும் கட்டாத தொகை, அதோடு அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் மாதச் செலவு லண்டனில் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 19,000 பவுண்டு, அதில் 5,000 கட்டியாயிற்று, படிப்பு லண்டனுக்கு வெளியே. பாக்கிக் கட்டணம் 14,000. வாழ்க்கைச் செலவு 1,171-ஐ 9-ஆல் பெருக்கினால் 10,539. ஆக 24,539 பவுண்டு கணக்கில் இருக்க வேண்டும். இது தொடர்ச்சியாக 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் ஒரு பவுண்டு குறைந்தாலும் அந்த 28 நாளும் செல்லாது.

தேதிகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நாள் நாளாகவே சொல்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் முடியும் தேதி ஜூன் 30 என்று வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூன் 3 முதல் ஜூன் 30 வரை 28 நாள். ஜூன் 3-ஆம் தேதி நாள் முடிவில் முழுத்தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் முடிந்த தேதிக்கும் விண்ணப்பத் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே ஜூலை 31-க்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது படிவத்தைத் திறந்த நாளும் அல்ல, கைரேகை கொடுக்கப் போன நாளும் அல்ல. ஆன்லைனில் விசாக் கட்டணம் கட்டிய நாள்தான் அது. ஜூலை 28-ஆம் தேதி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று ஆகஸ்ட் 2-ஆம் தேதி கட்டணம் கட்டினால், ஜூன் 30-இல் முடியும் ஸ்டேட்மென்ட் பழையதாகிவிட்டது. புது ஸ்டேட்மென்ட் வேண்டும். அந்த இடைவெளியில் பணத்தை எடுத்திருந்தால் 28 நாள் முதலிலிருந்து தொடங்கும்.

வேறு நாட்டுப் பணத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. விண்ணப்பத் தேதியன்று ஓஆண்டா இணையதளத்தில் உள்ள மாற்றுவிகிதத்தை வைத்துத்தான் பிரிட்டிஷ் அதிகாரி கணக்குப் போடுவார். உங்கள் வங்கி சொல்லும் விகிதம் அவருக்குப் பொருட்டல்ல. ஜூன் தொடக்கத்தில் 24,600 பவுண்டுக்குச் சமமாக இருந்த தொகை ஜூலைக் கடைசியில் 24,100 ஆகிவிடலாம். தேவையான தொகைக்கு மேல் குறைந்தது 5 சதவீதமாவது, முடிந்தால் 10 சதவீதம் கூடுதலாக வைத்திருங்கள். மாதத் தவணை, காப்பீட்டு பிரீமியம் என்று தானாகப் பணம் கழியும் ஏற்பாடு அந்தக் கணக்கில் இருக்கவே கூடாது. இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சின்னத் தானியங்கிக் கழிவால் ஓராண்டு வீணாகலாம்.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். பிரிட்டனுக்கு உங்கள் கணக்கு, அல்லது அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்குதான் பொதுவாகச் செல்லும். பெற்றோர் கணக்கென்றால் உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்த அவர்கள் சம்மதிக்கும் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். அண்ணன், சித்தப்பா, மாமா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில் வராது. அவர்கள் உதவுகிறார்கள் என்றால் 28 நாள் தொடங்கும் முன்பே பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். பங்குகள், ஓய்வூதிய நிதி, ஓவர்டிராஃப்ட் எதுவும் உதவாது. ஃபிக்சட் டெபாசிட் வைத்திருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் உடைத்து எடுக்க முடியும் என்பது வங்கிக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

கல்விக்கடன் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. முறைப்படி அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்தின் கடன் ஒப்புதல் கடிதத்துக்கு 28 நாள் விதி கிடையாது. கடிதம் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், கடன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பயணத்துக்கு முன் பணம் கிடைக்கும் என்பது தெரிய வேண்டும். ஆனால் கடிதத்தின் சொற்களைப் படித்துப் பாருங்கள். "கொள்கையளவில் ஒப்புதல்", "மேலும் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று இருந்தால் அது கடன் ஒப்புதல் அல்ல, கடன் தரலாமா என்று யோசிக்கிறோம் என்பதுதான். "விசா கிடைத்தால் பணம் வழங்கப்படும்" என்ற நிபந்தனை மட்டும் இருப்பது பரவாயில்லை.

மற்ற நாடுகளில் சூத்திரம் எளிது, சந்தேகம் அதிகம். கனடா 2025 செப்டம்பர் 1 முதல் தனி மாணவருக்குக் கல்விக்கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக ஆண்டுக்கு 22,895 கனடிய டாலர் கேட்கிறது (கியூபெக் மாகாணத்துக்குத் தனிக் கணக்கு). ஆஸ்திரேலியா 2024 மே 10 முதல் வாழ்க்கைச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர், அதற்கு மேல் கட்டணமும் பயணமும். இங்கெல்லாம் 28 நாள் போன்ற ஒற்றை விதி இல்லை. மாறாக, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அதிகாரி தேடுவார். கனடா கேட்பது கடந்த 4 மாத ஸ்டேட்மென்ட். அதில் மூன்று மாதம் சொற்பத் தொகை கிடந்து, நான்காவது மாதம் திடீரென்று பெருந்தொகை வந்து விழுந்திருந்தால், யாரோ காட்டுவதற்காகக் கொடுத்த பணம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். பணம் நியாயமானதாகவே இருக்கலாம்: நிலம் விற்றது, டெபாசிட் முதிர்ந்தது, ஓய்வுபெற்றபோது வந்தது. அப்படியானால் விற்பனைப் பத்திரத்தையோ முதிர்வுச் சான்றையோ சேர்த்து, ஸ்டேட்மென்ட்டில் அந்த வரவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று ஒரு சின்னக் குறிப்பும் எழுதி வையுங்கள். அதிகாரி கேட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கேட்கமாட்டார், மறுத்துவிடுவார். உங்கள் செலவை ஏற்கும் ஸ்பான்சரின் வருமானமும் சேமிப்பும் பொருந்த வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். வரிக்கணக்கில் காட்டிய வருமானத்தில் இருபது வருடம் சேர்த்தாலும் வராத தொகை கணக்கில் இருந்தால், அதற்கு விளக்கம் அந்தக் கோப்பிலேயே இருக்க வேண்டும்.

ஜெர்மனி இந்தச் சந்தேகத்தையே வேறு வழியில் தீர்த்துக்கொள்கிறது. முடக்கப்பட்ட கணக்கு என்ற ஏற்பாடு. ஓராண்டுக்கு 11,904 யூரோ அதில் போட்டுவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: சரியாக 11,904 யூரோ அனுப்புகிறார்கள், இடையில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது, போய்ச் சேருவது குறைகிறது, அத்தாட்சி கிடைக்காமல் நிற்கிறது. கணக்கு தொடங்கும் நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்து, அனுப்பும் செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் வகையில் அனுப்புங்கள். நூறு யூரோ கூடுதலாகப் போனால் அது உங்கள் பணமாகவே இருக்கும்.

பணம் ஒழுங்கானதும் பெயரைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வொரு தாளிலும் பெயர் இருக்கிறதா? நம் பெயர்களில் இது பெரிய தலைவலி. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முன்னால், ஆங்கிலத் தேர்வுச் சான்றில் பின்னால். இத்தனையும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், வேற்றுநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. ஐ-20, சிஏஎஸ் போன்றவை வந்தவுடன் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, தப்பிருந்தால் அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதித் திருத்தி வாங்குங்கள். பழைய சான்றிதழ்களைத் திருத்த நேரமில்லை என்றால் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மட்டும் இருந்து மற்றது காலியாக இருந்தால், அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் முதற்பெயருக்கு எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை) என்று போடச் சொல்வார்கள். விசாவிலும் அப்படியே வரும். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அது தொடரும். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரை இரண்டாகப் பிரித்து மாற்றிவிட்டு ஐ-20 வாங்குவது நிம்மதி.

தேதிகளும் அப்படித்தான். பட்டம் முடித்த மாதம், வேலையில் சேர்ந்த மாதம், இடைவெளி ஆகியவை பயோடேட்டாவிலும் விசாப் படிவத்திலும், ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் நோக்க அறிக்கையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்வி. கனடாவுக்குப் படிப்புத் திட்டம் என்ற கடிதம். ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச் 23 முதல் உண்மையான மாணவர் என்பதற்கான கேள்விகள் படிவத்துக்குள்ளேயே வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில். பிரிட்டன் சிலரை வீடியோவில் கூப்பிட்டுப் பேசும். எங்கே, எந்த வடிவில் கேட்டாலும் அதிகாரி தேடுவது ஒன்றுதான்: நீங்கள் இதுவரை செய்ததற்கும் இந்தப் படிப்புக்கும் அடுத்துச் செய்யப்போவதற்கும் இடையே ஒரு தொடர்ச்சி.

"உலகத்தரம் வாய்ந்த கல்வி, பன்முகக் கலாச்சாரம், சிறந்த ஆய்வு வசதி" என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எதற்கும் ஆதாரமாகாது. அதற்குப் பதில் இப்படி: "மூன்றாண்டு ஒரு மருத்துவமனையின் ஆய்வகத் தரவுகளைக் கையாண்டேன். எக்செல் கோப்புகளைத் தாண்டி, நோயாளிகளின் தரவை வைத்து முன்கணிப்பு செய்யும் வேலைகளுக்குப் புள்ளியியல் பயிற்சி இல்லாததால் போக முடியவில்லை. இந்தப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் உயிர்நிலைத் தரவுப் பகுப்பாய்வு என்ற பாடம் இருக்கிறது. உள்ளூரில் பார்த்த இரண்டு முதுநிலைப் படிப்புகளில் அது இல்லை." இதில் ஒரு பெருமைச்சொல்லும் இல்லை. ஆனால் சரிபார்க்கக்கூடிய நான்கு செய்திகள் இருக்கின்றன. பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். அதுதான் அதற்குக் கனம்.

கீழிறங்கும் படிப்பு, திசை மாறும் படிப்பு, நீண்ட இடைவெளி ஆகிய மூன்றையும் நீங்களாகவே எடுத்துப் பேசிவிடுங்கள். முதுநிலை முடித்தவர் ஓராண்டு டிப்ளமாவுக்குப் போகிறார் என்றால் எந்த அதிகாரிக்கும் புருவம் உயரும். நியாயமான காரணம் இருந்தால், உதாரணமாக அந்தத் தொழிலுக்கு அந்த டிப்ளமாதான் நுழைவுத் தகுதி என்றால், அதைச் சான்றோடு எழுதுங்கள். காரணமே இல்லை, சுலபமாக இடம் கிடைத்தது என்பதுதான் உண்மை என்றால், படிப்பை மாற்றுவது பற்றி யோசிப்பது நல்லது. எழுத்துத் திறமையால் இதை மூட முடியாது. இடைவெளிக் காலத்தில் உடல்நலக் குறைவோ குடும்பப் பொறுப்போ இருந்திருந்தால் இரண்டு வரி போதும், ஒரு தாள் ஆதாரத்தோடு.

அமெரிக்கா மட்டும் தனி ரகம். அங்கே கோப்பு பெரிய வேலை செய்யாது, நேர்காணல்தான் தீர்மானிக்கும். ஐ-20 வந்ததும் அதில் கையெழுத்துப் போடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான ஐ-901 கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணல் தேதி. செவிஸ் கட்டணத்தை நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது கட்டி ரசீதை அச்செடுத்து வையுங்கள். டிஎஸ்-160 நிரப்பத் தொடங்கும்போது தரும் விண்ணப்ப எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள். சற்று நேரம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், எண் இல்லாமல் திரும்ப எடுப்பது கடினம். சமர்ப்பித்தபின் தவறைக் கண்டு புதுப் படிவம் போட்டால், நேர்காணல் பதிவிலும் புதிய உறுதிப்படுத்தல் எண்ணை மாற்றுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். விசாவுக்கான புகைப்படத்தில் மூக்குக்கண்ணாடி கூடாது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து, உங்கள் குடியுரிமை நாட்டில் அல்லது நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் நேர்காணலுக்குப் போக வேண்டும். பக்கத்து நாட்டில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று ஓடுவது இப்போது நடக்காது.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடம்தான். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருபவர் என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதனால் கேள்விகள் எளிமையாகத் தோன்றும்: ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள், அவர் என்ன வேலை செய்கிறார், படித்துவிட்டு என்ன செய்வீர்கள். மனப்பாடம் செய்த பதிலை அதிகாரி இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்து நடுவில் வேறு கேள்வி கேட்பார். ஆகவே வாக்கியத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், விவரங்களை மனதில் வையுங்கள்: மொத்தக் கட்டணம், உதவித்தொகை எவ்வளவு, கடன் எவ்வளவு, மீதி எங்கிருந்து, ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் என்ன. ஐ-20-இல் குடும்பப் பணம் என்று அச்சாகியிருந்து, பிறகு கடன் வாங்கியிருந்தால், கேட்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு முதல் வாக்கியத்திலேயே பதில் வரட்டும். "அப்பாதான் செலவு செய்கிறார், மொத்தம் 42,000 டாலரில் 25,000 கல்விக்கடன், மீதி அவருடைய சேமிப்பு." இவ்வளவு போதும். கோப்பை நீட்டாதீர்கள், கேட்டால் கொடுங்கள்.

மருத்துவம், கைரேகை எல்லாம் சுலபமான பகுதி, தேதி மட்டும் கவனம். பிரிட்டனுக்குப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். அது அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர இரண்டு மாதம் வரை ஆகக்கூடும் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பிரிட்டன் தன் பொது மருத்துவச் சேவைக்காக வாங்கும் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, விண்ணப்பத்தின்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். மேலே சொன்ன 24,539 பவுண்டில் இது சேராது. அந்தக் கணக்கிலிருந்தே இதைக் கட்டிவிட்டால் இருப்பு குறையும் என்பதை மறக்க வேண்டாம். கனடாவில் ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டு செல்லும்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி வரும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் நீங்கள் படியுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் பொய்யும் உங்களுடையதுதான். "ஏஜென்ட் போட்டார், எனக்குத் தெரியாது" என்பதை எந்த நாடும் எளிதில் ஏற்பதில்லை. போலி ஸ்டேட்மென்ட் ஒன்றுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, பிரிட்டனில் 10 ஆண்டு வரை, அமெரிக்காவில் நிரந்தரத் தகுதியிழப்பு. கனடாவில் 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறார்கள். பணத்தைக் கடனாகக் கொடுத்து, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மறுப்பு வந்தால்? முதலில் கடிதத்தைப் படியுங்கள், அதே நாளில் திரும்ப விண்ணப்பிக்காதீர்கள். காரணம் மாறாமல் போட்ட இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைப் போலவே முடியும். பிரிட்டன் மறுப்பில் எந்த விதி, எந்தத் தாள் என்று சொல்லியிருப்பார்கள். அதிகாரி தவறாகக் கணக்குப் போட்டிருந்தால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். தவறு உங்களுடையது என்றால் புது சிஏஎஸ் வாங்கிப் புதிதாக விண்ணப்பிப்பதே வழி, பழைய சிஏஎஸ் ஒருமுறைதான் பயன்படும். மருத்துவக் கூடுதல் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது. கனடாவின் மறுப்புக் கடிதம் பொதுவான வாக்கியங்களாக இருக்கும். 2025 ஜூலைக் கடைசியிலிருந்து சில வகை மறுப்புகளோடு அதிகாரியின் குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அது வந்தால் அதுதான் உண்மையான காரணம், அதற்குப் பதில் சொல்லும் தாள்களோடு திரும்பப் போகலாம். ஜெர்மனியில் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புது விண்ணப்பம். அமெரிக்காவில் 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. விண்ணப்பக் கட்டணத்தை மறுபடி கட்டித் திரும்பப் போகலாம். 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குப் போனால் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. 221(ஜி) என்ற தாள் கொடுத்தால் அது இறுதி முடிவல்ல. ஏதோ ஒரு ஆவணம் குறைகிறது அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். கேட்டதை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு நாடு மறுத்தால் அடுத்த நாட்டுப் படிவத்தில் "இதற்கு முன் எங்காவது விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி வரும். ஆம் என்று எழுதி, ஆண்டையும் காரணத்தையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் இந்தத் தகவல்களைப் பகிர்ந்துகொள்பவை. மறுப்பு ஒன்று விசாவைக் கெடுப்பதில்லை, அதை மறைத்தது கெடுக்கும்.

விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி நான்கையும் அங்கேயே சரிபார்த்து, பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்தி வாங்குங்கள். சேர்க்கை ஆவணம், பணச் சான்று, தங்கும் முகவரி மூன்றின் அச்சுப் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். எல்லையில் குடிவரவு அதிகாரி அவற்றைத் திரும்பக் கேட்கலாம், அந்த நேரத்தில் பெட்டி உங்களிடம் இருக்காது.